சிவப்புக் கோட்டுக்கு மேலே

என் நாத்தனாருக்கு ஆய்வகத்தில் எல்லாரும் சேர்ந்து வைத்த பெயர் சீப்பு. அவள் வகிட்டைப் பார்த்தாலே காரணம் புரிந்துவிடும். நூல் பிடித்துக் கோடு போட்ட மாதிரி இருக்கும், ஒரு முடி இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் போகாது. அவள் மேஜையில் ஸ்க்ரூடிரைவர்கள் உயர வரிசையில் படுத்திருக்கும். யாராவது ஒன்றை எடுத்து இடம் மாற்றி வைத்துவிட்டால் திட்டமாட்டாள். பேசாமல் வந்து எடுத்துச் சரியாக வைத்துவிட்டுப் போவாள். திட்டினாலே தேவலை என்று இருக்கும்.

வீட்டிலும் அதே கதைதான். கல்யாணம் வேண்டாம் என்று அண்ணனோடும் என்னோடும் தங்கிவிட்டவள். "உங்க தங்கச்சியக் கட்டிக்கிறவன் முதல்ல வரிசையில நிக்கக் கத்துக்கிட்டு வரணும்" என்று என் வீட்டுக்காரரை நான் சீண்டுவேன். அவள் காதில் விழுந்தாலும் சிரித்துவிட்டுப் போய்விடுவாள். பட்டன் டப்பாவில் கறுப்பு தனி, வெள்ளை தனி, நீலம் தனி. பழைய சட்டையிலிருந்து அறுந்த ஒற்றைப் பட்டனுக்குக்கூட அவளிடம் ஓர் அறை உண்டு.

எனக்கு அந்த வேலையை வாங்கிக் கொடுத்ததும் அவள்தான். தரைக்குக் கீழே ஜன்னல் இல்லாத அறை, அதில் லேசர் செய்கிற வேலை. கண்ணாடிகளை மயிரிழை பிசகாமல் நேர்படுத்துவது அவள் பாடு. சூடு என் பாடு. படிகத்தைச் சுற்றி மெல்லிய குழாயில் தண்ணீர் ஓடும். உள்ளே போகும் தண்ணீரைவிட வெளியே வருவது எவ்வளவு சூடாக வருகிறது என்று பார்த்துச் சொல்வேன். அண்ணியும் நாத்தனாரும் ஒரே அறையில் வேலை செய்தும் சண்டை வரவில்லையே என்று மற்றவர்களுக்கு ஆச்சரியம். வராது. வெளிச்சத்தோடு எனக்கு வழக்கு இல்லை, சூட்டோடு அவளுக்கு வழக்கு இல்லை.

லேசர் என்றால் ஏதோ பெரிய மந்திரம் என்று பயப்பட வேண்டாம். சாப்பாட்டு வேளையில் அவள் எனக்குச் சொன்னதை அப்படியே சொல்கிறேன். விளக்கிலிருந்து வருகிற வெளிச்சம் சந்தைக் கூட்டம், எல்லாத் திசையிலும் முண்டிக்கொண்டு வரும். லேசர் கற்றை என்பது பள்ளிக்கூடப் பிள்ளைகள் கைபிடித்து வரிசையாகப் போகிற மாதிரி. கூட்டத்தை வாங்கி வரிசையாக்கி அனுப்புவதுதான் நடுவில் இருக்கிற படிகத்தின் வேலை. அப்படியென்றால் அந்தத் தள்ளுமுள்ளு எங்கே போகும்? மாயமாக மறையாது. ஒன்று, படிகம் சூடாகும். இல்லாவிட்டால் நாலா பக்கமும் மங்கலாக மினுங்கி அந்த மினுங்கலோடு வெளியே கொட்டும். மினுங்கலைக் கண்ணால் பார்க்க முடியாது. அதற்கென்று கையில் பிடித்துப் பார்க்கிற ஒரு கருவி வைத்திருந்தோம், கண்ணுக்குத் தெரியாத வெளிச்சத்தைப் பச்சையாகக் காட்டும். பச்சைக்கண் என்று அதற்குப் பெயர்.

"தலை சீவினா சிக்கு சீப்புல வந்துடணும் அண்ணி" என்றாள் அன்றைக்கு. "சீப்பு சுத்தமா இருந்துச்சுன்னா சிக்கு போயிடுச்சுன்னு அர்த்தமில்ல. வேற எங்கயோ இருக்கு."

அதனால்தான் ஊட்டுகிற வெளிச்சம் முழுவதும் கற்றையாகத் திரும்பி வருவதில்லை. விளக்கின் வெளிச்சத்துக்கு எவ்வளவு கொதிப்பு, அறை எவ்வளவு குளிர்ச்சி, இரண்டையும் வைத்து ஒரு வரம்பு போடலாம். நீராவி இஞ்சினுக்குப் போடுகிற அதே கணக்கு. எங்கள் அறை வெள்ளைப் பலகையில் அந்த வரம்பு ஒரு சிவப்புக் கோடாக இருந்தது. அதற்குக் கீழே எங்கள் லேசரின் பச்சைக் கோடு மாதாமாதம் கொஞ்சம் கொஞ்சமாக ஏறி, மாடிப்படியில் மூச்சு வாங்குகிறவனைப் போல அங்கங்கே நின்று கொண்டிருந்தது.

எங்கள் தலைவருக்கு அந்தப் பச்சைக் கோடுதான் சாமி. காலையில் வந்ததும் வணக்கம் சொல்லமாட்டார், "எத்தனை சதவீதம்?" என்பார். அதனால் அவருக்குச் சதவீதம் என்றே பெயர் வைத்துவிட்டோம். கெட்டவர் இல்லை. என் மாமியார் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது தினமும் காரைக் கொடுத்து அனுப்பியவர். ஆனால் வீணாகிறது என்ற வார்த்தையைக் கேட்டால் மட்டும் அவருக்குத் தூக்கம் போய்விடும்.

அந்த மினுங்கல் வீணாகிறதே என்று அவருக்குத் தோன்றியதில்தான் எல்லாம் ஆரம்பித்தது. படிகத்தைச் சுற்றி ஒரு பெட்டி செய்யச் சொன்னார். உள்பக்கம் முழுக்கத் தங்க முலாம். மினுங்கல் சுவரில் பட்டுத் திரும்பப் படிகத்துக்குள்ளேயே போகும், படிகம் அதையும் கற்றையாக்கும், துளி சிந்தாது. கற்றை வெளியே வர ஒரே ஒரு துளை.

எனக்கு அது சரியாகப் படவில்லை. வெளியே கொட்டுகிற வழியை அடைத்தால் எல்லாம் சூடாக என் தலையில்தான் விடியும், படிகம் வெடித்துவிடும் என்று சொன்னேன். மெதுவாக ஏற்றுவோம், தண்ணீர் சூடானால் நிறுத்திவிடுவோம் என்றார். சீப்புக்குப் பெட்டி பிடித்துப் போயிற்று. எதுவும் சிந்தாத, எதுவும் வெளியே நீட்டிக்கொண்டிராத பெட்டி, அவளுக்குப் பிடிக்காமல் போகுமா? கடைசி மூடியை அவள்தான் தன் கையால் பொருத்தித் திருகினாள். பிறகு துளைக்குப் பக்கத்தில் தன் ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தாள். அதற்கப்புறம் வேலை நேரம் முழுக்க அதுதான் அவள் இடம்.

விளக்கை ஏற்றினோம். நான் தண்ணீரையே கண்கொத்திப் பாம்பாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். சூடாகவில்லை. இன்னும் ஏற்றினோம். சூடாகவில்லை. குழாயைத் தொட்டுப் பார்த்தேன், உள்ளே போகிற குழாயும் வெளியே வருகிற குழாயும் ஒரே மாதிரி குளிர்ந்திருந்தன. சதவீதம் கற்றையின் அளவைச் சத்தமாகப் படித்துக்கொண்டே வந்தவர், நடுவில் படிப்பதை நிறுத்திவிட்டார். எழுந்து போய் வெள்ளைப் பலகையில் சிவப்புக் கோட்டுக்கு மேலே ஒரு புள்ளி வைத்தார்.

யாரும் கைதட்டவில்லை. எங்கள் வேலையில் எண் ரொம்ப நன்றாக வந்தால் முதலில் வருகிற எண்ணம் எதையோ தப்பாக அளந்துவிட்டோம் என்பதுதான். கற்றையை அளக்கிற மானியை மாற்றினோம். வெப்பமானியை மாற்றினோம். கம்பிகளைக் கழற்றி மறுபடி மாட்டினோம். உள்ளே போன வெளிச்சம் ஏறக்குறைய அப்படியே கற்றையாக வந்துகொண்டிருந்தது, வரவு செலவுக் கணக்கில் ஒரு குறையும் இல்லை. தள்ளுமுள்ளுதான் காணாமல் போயிருந்தது. அதை அளக்க எங்களிடம் மானி கிடையாது.

சதவீதம் பெட்டிமேல் ஒரு சீட்டு ஒட்டினார்: திறக்கக் கூடாது. வெளியிலிருந்து பார்வையாளர்கள் வரப்போகிறார்கள், அவர்கள் வந்து பார்க்கும்வரை இதை யாரும் கலைக்கக் கூடாது என்றார்.

வீட்டில் நான் முதலில் கவனித்தது அவளுடைய வகிட்டைத்தான். கோணலாக இருந்தது. கொஞ்சம்தான். வேறு யாராவது என்றால் கண்ணில்கூடப் பட்டிருக்காது. அவசரத்தில் வாரியிருப்பாள் என்று விட்டுவிட்டேன். பிறகு ஒருநாள் காபி கலக்க எடுத்தால் சர்க்கரையில் உப்பு கலந்திருந்தது. கொட்டிக் கலக்கியதுபோல இல்லை, ஒவ்வொரு கரண்டியிலும் பாதிக்குப் பாதி. பட்டன் டப்பாவைத் திறந்தேன். அறைகள் அப்படியே இருந்தன. ஒவ்வோர் அறையிலும் எல்லா நிறமும் சரிசமமாகக் கலந்து கிடந்தது. உட்கார்ந்து எண்ணிக் கலந்தாலும் அப்படிக் கலக்க முடியாது. குழந்தை இல்லாத வீடு எங்களுடையது.

"இதுல யார் கை வெச்சது?" என்று கேட்டேன்.

அவள் எட்டிப் பார்த்தாள். "நல்லாத்தானே இருக்கு அண்ணி" என்றாள். டப்பாவை மூடிவிட்டு அவள் வகிட்டை மறுபடி பார்த்தேன்.

அப்புறம் அவள் உடம்பு. கையைத் தொட்டால் ஜில்லென்று இருக்கும், குழாயைத் தொட்ட அதே குளிர்ச்சி. எவ்வளவு சாப்பிட்டாலும் பசி அடங்கவில்லை. மூன்று பேருக்கு வைத்ததை ஒருத்தியாகச் சாப்பிட்டுவிட்டு, போர்வையைச் சுற்றிக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். ஒரு காய்ச்சல் வரப்போகுது, அவ்வளவுதான் என்று அவள் அண்ணன் மாத்திரை வாங்கி வந்து கொடுத்தார். அவருக்கு உலகத்தில் எந்தப் பிரச்சினைக்கும் அந்த ஒரே மாத்திரைதான்.

ஒருநாள் சாப்பிட்டுக்கொண்டே ஒரு கதை சொன்னாள். சின்ன வயதில் அப்பா தன்னைச் சைக்கிளின் முன்கம்பியில் துண்டைச் சுற்றி உட்காரவைத்துப் போவாராம். இருட்டு ரோட்டில் டைனமோ விளக்கு எரிய வேண்டும் என்பதற்காக வேகமாக மிதிப்பாராம். மூச்சு வாங்கும்போது, "விளக்கு எரியணும்னா யாராச்சும் மிதிக்கணும்டி" என்பாராம். அந்தத் துண்டில் சோப்பு வாசனை இருக்குமாம்.

"நம்ம அப்பாவுக்கு சைக்கிளே ஓட்டத் தெரியாதே" என்றார் என் வீட்டுக்காரர்.

அது என் அப்பா. நான் இந்த வீட்டுக்கு வருவதற்கு முன்பே போய்ச் சேர்ந்துவிட்டார். அந்தத் துண்டைப் பற்றி நான் யாரிடமும் சொன்னதில்லை. என் வீட்டுக்காரரிடம்கூட. தட்டில் கை வைத்தபடி அவளையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் சோப்பு வாசனையை நினைத்துச் சிரித்துக்கொண்டிருந்தாள்.

மறுநாள் ஆய்வகத்துக்குப் போனதும் முதல் வேலையாகப் பச்சைக்கண்ணை எடுத்தேன். பெட்டியில் எங்கேயோ கசிவு இருக்கிறது, காணாமல் போனது அந்த வழியாகத்தான் போகிறது என்று எனக்கு ஒரு பிடிவாதம். விளக்குகளை அணைக்கச் சொன்னேன். பெட்டியின் மூலை, திருகாணி, மூடியின் விளிம்பு என்று ஒவ்வோர் இடமாகப் பார்த்தேன். எல்லாம் கறுப்பு. ஊசிமுனை கசிவுகூட இல்லை. அவள் அவ்வளவு சுத்தமாக மூடியிருந்தாள்.

கருவியைக் கண்ணிலிருந்து எடுக்காமலேயே திரும்பினேன்.

ஸ்டூலில் அவள் உட்கார்ந்திருந்தாள். பச்சையாக மினுங்கிக்கொண்டிருந்தாள். முகம், கழுத்து, மடியில் வைத்திருந்த கைகள், கோணல் வகிட்டின் வழியே தெரிந்த உச்சந்தலை, எல்லாம். வரிசையான வெளிச்சம் இல்லை, எல்லாத் திசையிலும் சிந்துகிற மங்கல் வெளிச்சம். பெட்டி போடுவதற்கு முன்னால் படிகம் எப்படி இருந்ததோ அப்படி. கருவியைத் தாழ்த்தினால் இருட்டு. மறுபடி வைத்தால் அவள்.

"கசிவு இருக்கா அண்ணி?" என்று இருட்டிலிருந்து கேட்டாள்.

இல்லை என்றேன். வேறு என்ன சொல்வது?

சதவீதத்தைக் கூப்பிட்டு, கருவியைக் கையில் கொடுத்துப் பார்க்கச் சொன்னேன். பார்த்தார். வெகு நேரம் பார்த்தார். பிறகு அதன் மூடியை நிதானமாக மாட்டி மேஜையில் வைத்தார். ஏதாவது எதிரொளிப்பாக இருக்கும் என்றார். மறுபடி அவள் பக்கம் அவர் திரும்பவே இல்லை. பார்வையாளர்கள் வந்து போகட்டும், அதுவரை அவளுக்கு விடுப்பு கொடுத்து வீட்டில் இருக்கச் சொல்வோம் என்றார்.

வீட்டில் இருந்து மட்டும் என்ன? லேசர் அங்கே ஓடிக்கொண்டிருக்கிற நேரமெல்லாம் இங்கே கட்டிலில் அவள் குளிர்ந்துகொண்டிருந்தாள். கருவியை நான் கைப்பைக்குள் ஒளித்துக்கொண்டு வந்திருந்தேன். திரையை இழுத்துவிட்டுப் பார்த்தேன். அதே பச்சை. அதன்பின் கண்ணாடி அலமாரியில் பீங்கான் எல்லாம் கலைந்தது, புத்தக அலமாரி கலைந்தது. அவள் எழுந்து போய் எதையும் கலைக்கவில்லை. அந்த அறைகள் வழியாக நடந்து போனாள், அவ்வளவுதான்.

அவளிடம் சொல்லிவிடுவது என்று முடிவு செய்து பக்கத்தில் உட்கார்ந்தேன். நான் வாயைத் திறப்பதற்குள் அவளே பேசினாள்.

"எனக்குத் தெரியும் அண்ணி. சிக்கு எங்க போகுதுன்னு எனக்குத் தெரியும்."

"எப்போலேருந்து?"

"மூடியத் திருகின அன்னிக்கே. ஏதோ ஒண்ணு உள்ள வந்து உக்காந்த மாதிரி இருந்துச்சு."

"அப்புறம் ஏன்டி வாயத் திறக்கல?"

அவள் யோசித்தாள். வார்த்தைகளை ஒவ்வொன்றாகத் தேடி எடுத்து வரிசையில் வைக்கப் பார்ப்பது தெரிந்தது. "அந்தக் கற்றைய நீங்க பாத்தீங்கல்ல. அவ்ளோ நேரா, அவ்ளோ சுத்தமா, நான் வாழ்க்கைல வேற எதையும் பண்ணதில்ல. அவங்க வந்து பாக்கட்டும். ஒரே ஒரு தடவை. அதுக்கப்புறம் திறந்துக்கோங்க."

"அதுவரைக்கும் நீ இருப்பியா?"

"நான் எங்க போகப்போறேன்? இருப்பேன்." போர்வையை இழுத்துக்கொண்டாள். "யாரு யாருன்னுதான் கொஞ்சம் குழப்பமா இருக்கும்."

அவள் விருப்பம் அதுதான் என்றால் நான் யார் தடுக்க என்று ஒரு மனம் சொன்னது. கட்டிலில் கிடப்பவளைப் பார், உனக்குப் புத்தி இருக்கிறதா என்று இன்னொரு மனம் கேட்டது. சரி என்று தலையாட்டிவிட்டு வந்தேன். சதவீதத்திடம் போய், பார்வையாளர்கள் வருகிற நாளைத் தள்ளிப்போடாதீர்கள் என்று மட்டும் கேட்டுக்கொண்டேன். அவர் என் முகத்தைப் பார்க்காமல் சரி என்றார்.

அந்த நாள் வந்தது. கோட் அணிந்த நாலைந்து பேர் பாதுகாப்புக் கண்ணாடி மாட்டிக்கொண்டு வரிசையாக நின்றார்கள். நான்தான் அவளுக்குத் தலை வாரி விட்டிருந்தேன். எவ்வளவு வாரியும் சிக்கு குறையவில்லை, சீப்பில் ஒரு முடிகூட வரவில்லை. வகிடு எடுத்துவிட்டுத் திரும்பினால் கலைந்துவிடும். கடைசியில் ஊசிகளைக் குத்தி அடக்கி அழைத்து வந்திருந்தேன்.

ஸ்டூலில் உட்கார்ந்து அவள் விளக்க ஆரம்பித்தாள். முதல் வாக்கியம் நன்றாகத்தான் இருந்தது. விளக்கு, படிகம், பெட்டி. பார்வையாளர்கள் கற்றையின் அளவைப் பார்த்துவிட்டுப் பலகையின் சிவப்புக் கோட்டைப் பார்த்தார்கள். ஒருவர் மற்றவர் காதில் ஏதோ சொன்னார். சதவீதத்தின் முகம் மலர்ந்தது.

இரண்டாவது வாக்கியத்தில் சைக்கிள் வந்தது. மூன்றாவதில் சதவீதத்தின் அம்மா வந்தாள். அவள் சாகும்போது மகன் கையைப் பிடித்துக்கொண்டு என்ன சொன்னாள் என்று என் நாத்தனார் வந்தவர்களுக்கு அமைதியாகச் சொன்னாள். அறையில் சதவீதம் ஒருவருக்கு மட்டும்தான் அது தெரிந்திருக்கும். அவள் அடுத்து முன்வரிசையில் நின்றவரைப் பார்த்து, அவருடைய குழந்தை எந்த மாடியிலிருந்து விழுந்தது என்று சொல்லத் தொடங்கினாள். அவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு அவளையே பார்த்தார். அவள் குரல் ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை. ஒரு வாக்கியத்துக்கும் அடுத்ததற்கும் சம்பந்தமே இல்லாமல், எல்லார் வாழ்க்கையும் சரிசமமாகக் கலந்து, அந்த வாய் வழியாகக் கொட்டிக்கொண்டிருந்தது. பக்கத்தில் கற்றை மட்டும் ஆடாமல் அசையாமல் நேராகப் போய்க்கொண்டிருந்தது.

பிறகு என்னைப் பார்த்தாள். அந்தக் கண்ணில் நான் இல்லை.

"அக்கா, நீங்க யாரைப் பாக்க வந்தீங்க?" என்று கேட்டாள்.

அவர்கள் பார்த்துவிட்டார்கள். அவள் கேட்ட ஒரு தடவை முடிந்துவிட்டது. நான் போய் சீட்டைக் கிழித்து, திருகாணியை எடுத்தேன். சதவீதம் தடுப்பார் என்று நினைத்தேன். இரண்டாவது திருகாணியை அவரே வந்து கழற்றினார்.

மூடி விலகியதும் கண்ணுக்கு ஒன்றும் தெரியவில்லை. முகத்தில் மட்டும் ஒரு வெதுவெதுப்பு பட்டது, அடுப்பைத் தாண்டிப் போகிறபோது படுமே, அப்படி. மானியில் எண் விழுந்தது. சிவப்புக் கோட்டுக்குக் கீழே வந்து, அதற்கும் கீழே போய், பழைய இடத்தில் நின்றது. என் குழாயில் தண்ணீர் சூடாக ஆரம்பித்தது. அந்த வேலையில் சேர்ந்த நாளிலிருந்து தண்ணீர் சூடானதற்கு நான் சந்தோஷப்பட்டது அந்த ஒரு தடவைதான். படிகத்தில் டிக் என்று ஒரு விரிசல் விட்டது.

வந்தவர்கள் ஒருவருக்கொருவர் பேசாமல் படியேறிப் போனார்கள். சதவீதம் பலகையைத் துடைத்தார். சிவப்புக் கோட்டை மட்டும் துடைக்கவில்லை.

அவள் உடம்பு அன்று மாலையே சூடாகிவிட்டது. ஆனால் கலந்தது கலந்ததுதான். உப்பையும் சர்க்கரையையும் யார் பிரிக்க முடியும்? பட்டன்களை நாங்கள் இருவரும் உட்கார்ந்து பிரித்து வைத்தோம், அதற்கே இடுப்பு ஒடிந்துவிட்டது. மனசுக்குள் கிடப்பதை யார் உட்கார்ந்து பிரிப்பது? என்னை அண்ணி என்று கூப்பிடுகிறாள், சில நாள் அக்கா என்கிறாள். என் அப்பாவை அவளுக்கு என்னைவிட நன்றாக நினைவிருக்கிறது. அவர் முகம் எப்படி இருக்கும் என்று நான்தான் இப்போது அவளிடம் கேட்டுக்கொள்கிறேன். பதிலுக்கு என்னிடம் ஒரு நினைவு வந்து சேர்ந்திருக்கிறது: வெற்றுத் தண்ணீர்த் தொட்டிக்குள் ஒரு சின்னப் பையனோடு ஒளிந்திருக்கிறேன், மேலே மூடி மூடியிருக்கிறது, அவன் என் வாயைப் பொத்துகிறான். என் வீட்டுக்காரரிடம் சொன்னேன். "அது எனக்கும் என் தங்கச்சிக்கும் மட்டும்தான் தெரியும்" என்றார். அன்றைக்கு அவர் எனக்கு மாத்திரை வாங்கித் தரவில்லை.

போன வாரம் அவளே சீப்பை எடுத்துக்கொண்டு வந்து என் முன்னால் முதுகைக் காட்டி உட்கார்ந்தாள். வாரினேன். வழக்கம்போல இறுகிப்போய்க் கிடந்தது முடி. பொறுமையாக அடியிலிருந்து மேலாக எடுத்துக்கொண்டே வந்தேன். திடீரென்று ஒரு இடத்தில் சிக்கு விட்டுக் கொடுத்தது. சீப்பு நிறைய முடி வந்தது.

அவள் கையை நீட்டி அதை வாங்கிப் பார்த்தாள். அப்புறம் திரையை இழுத்துவிட்டு, பச்சைக்கண்ணை எடுத்துவரச் சொன்னாள். அதை நான் திருப்பிக் கொடுக்கவில்லை என்பது அவளுக்கு எப்படித் தெரியும் என்று கேட்கவில்லை. இரண்டு பேரும் மாறி மாறிப் பார்த்தோம். அவள் கறுப்பாக இருந்தாள். நானும் கறுப்பாக இருந்தேன். அவள் உள்ளங்கையில் உருண்டையாகக் கிடந்த சிக்கு மட்டும், அணையப்போகிற தணல் மாதிரி, பச்சையாக மினுங்கிக்கொண்டிருந்தது.

"வந்துடுச்சு அண்ணி" என்றாள்.

அண்ணி என்றுதான் சொன்னாள். அந்த உருண்டையை வாங்கிக்கொண்டு போய், வாசலுக்கு வெளியே, காற்றில் விட்டேன்.